பழனிசாமி அண்ணனை நான் நிறுத்திய ஃபைனல்

பழனிசாமி அண்ணன் கோர்ட்டுக்கு வரும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். மில்லில் ஷிப்ட் முடிந்து நேராக வருவார். கிட்டே போனால் மிஷின் ஆயிலும் வியர்வையும் கலந்த ஒரு வாசம்... முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்கு அது மறக்கவில்லை. மேட்ச் முழுக்க அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றவன் நான்தானே.

அவர் மில் பாஸ்கெட்பால் டீமின் சென்டர், ஆறடி மூன்று அங்குலம். நான் பீளமேட்டில் காலேஜ் டீமின் சென்டர், ஐந்தடி பத்து. சிரிக்காதீர்கள். எங்கள் டீமிலேயே நான்தான் உயரம்.

அப்போது மண் கோர்ட். தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடுவோம். அண்ணன் ரிங்குக்குப் பக்கத்தில் பந்தை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டி நின்று, "தம்பி, வாரேனுங்க" என்பார்.

நிஜமாகவே சொல்லுவார்! சொல்லிவிட்டு வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து ஒரு ஹூக் ஷாட். சொல்லிவிட்டு வருகிற ஆளையே என்னால் தடுக்க முடியவில்லை. நான் இடிபட்டு விழுந்தால், "அடி பட்டுப்போச்சுங்களா?" என்று அவரே தூக்கிவிடுவார். கோபப்படக்கூட வழி வைக்கமாட்டார் மனுஷன்.

இதெல்லாம் இப்போது எதற்கென்றால், நம் பழைய ஆட்டக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நான்கு நாளாக ஒரே சண்டை. நாம் நடத்தப்போகும் டோர்னமென்டில் சிறந்த சென்டருக்குத் தருகிற கோப்பைக்கு யார் பெயரை வைப்பது? பழனிசாமி அண்ணன் பெயரா, அவருக்குப் பதினைந்து வருஷம் கழித்து ஆட வந்த சலீம் பெயரா? ஞாயிற்றுக்கிழமை ஓட்டு.

சலீமை நான் ஒரு குறை சொல்லமாட்டேன். உக்கடத்தில் அப்பாவின் இரும்புக் கடையைப் பார்த்துக்கொண்டே ஆடியவன். ஆறடி ஆறு. வெளியூர் டீம்களில் அவன் உயரத்துக்கே இரண்டு பேர் சேர்ந்து மறிப்பார்கள். நடுவில் புகுந்து போட்டுவிட்டு ஒன்றும் நடக்காதவன் மாதிரி திரும்பி ஓடுவான். கை வலிக்கத் தட்டியிருக்கிறேன்.

சலீமோடு ஆடிய நம் கார்த்தி, குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான்.

"ஏனுங்ணா, பழனிசாமி அண்ணன் பெரிய ஆளுதானுங்க, இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா அவருக்கு எதுக்க யாருங்க நின்னா? நீங்கதானுங்களே! ஃபைனல்ல அவரை எட்டு பாயின்ட்டோட நிறுத்திப்போட்டேன்னு என் கல்யாணத்துல வெச்சுச் சொன்னீங்க. நீங்களே நிறுத்துன ஆளைக் கொண்டு போயி சலீமோட எப்படீங்க வெக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் டைப் அடித்தேன், அழித்தேன்... மறுபடி அடித்தேன், அழித்தேன்.

அந்த ஃபைனலைச் சொல்லித்தான் இத்தனை வருஷம் பெருமையடித்தேன். பெண் பார்க்கப் போன வீட்டில்கூடச் சொன்னேன். முப்பது பாயின்ட் போடுகிற மனுஷன் அன்று எட்டோடு நின்றார். நாங்கள் இரண்டு பாயின்ட்டில் ஜெயித்தோம். அன்று அவர் வலது கையால் ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை. வலது பக்கத்தை நான் அடைத்துவிட்டேன் என்று எங்கள் கோச் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மேட்ச் முடிந்து முகம் கழுவக் குழாயடிக்குப் போனேன். அண்ணன் வலது கை விரல்களில் சுற்றியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்துக்கொண்டிருந்தார். விரலில் பிளாஸ்திரி போடுவது எல்லோரும் செய்வதுதான், அதனால் ஆட்டத்தில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. உள்ளே இரண்டு விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன.

"ஐயோ, என்னங்ணா இது?"

"காலைல மிஷின்ல மாட்டிக்கிச்சுங்க தம்பி. வெளிய சொல்லிப்போடாதீங்க... மேஸ்திரிக்குத் தெரிஞ்சா ஊட்லயே கெடன்னு அனுப்பிச்சுப்போடுவாரு." அப்புறம் சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினார். "இன்னைக்கு நல்லா ஆடுனீங்க."

யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவர் ரிட்டயர் ஆகிப் பெருந்துறையில் மகள் வீட்டில் இருக்கிறார். அவரைக் கேள்வி கேட்க இனி எந்த மேஸ்திரியும் இல்லை.

இன்றைக்கு ஒரு பையனுக்குக் கால் சுளுக்கினால் மேட்சுக்கு முன்பே ஸ்டேட்டஸில் போட்டோ வந்துவிடுகிறது. ஐஸ் வைக்க ஆள் இருக்கிறது, நல்ல தரை, நல்ல ஷூ... எல்லாம் நல்லதுதான். சலீம் ஆட்டம் பாதிக்கு மேல் வீடியோவாக இருக்கிறது. அண்ணன் ஆடியதற்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. இருக்கிற ஒரே சாட்சி நான். நானும் பொய்ச்சாட்சிதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கார்த்தி, உன் ஓட்டை சலீமுக்கே போடு, தப்பே இல்லை. ஆனால் அந்த எட்டு பாயின்ட்டைக் காரணமாகச் சொல்லாதே. எட்டும் அவர் இடது கையில் போட்டது. நான் எதிரில் இரண்டு கையோடு நின்றுகொண்டிருந்தேன்.