உலர்த்தும் அறையின் மீட்டர்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, உலர்த்தும் அறையின் மீட்டர் பார்த்தது. அவள் டார்ச் பிடித்தாள். நான் எண்ணைப் படித்தேன்.

அம்மா ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றதும் எங்கள் குடியிருப்பைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தாறு வீடுகளுக்கும் பொதுவாகக் கீழ்த்தளத்தில், துணியைச் சூட்டில் உலர்த்தும் இரண்டு டிரையர்கள். மொட்டைமாடி முழுக்க வெயில், கதவில் பூட்டு.

"புகைய எல்லாம் ஏதோ ஆலைக்காரன் மட்டும் விடறதில்லடி. நம்ம ஈரத் துண்டும் அதுல இருக்கு" என்பாள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளரை மடக்கி, மாடியைத் திறந்துவைக்க ஒரு மாதத் தவணை வாங்கினாள். எதற்கெடுத்தாலும் அறிவிப்பு ஒட்டுவதால் அவருக்குப் 'பசைடப்பா' என்று பெயர். நிபந்தனையையும் ஒட்டினார்: போன மாத பில்லில் டிரையர்களுக்கு 900 யூனிட். அது பாதியானால் மாடிக்கதவு இனி எப்போதும் திறந்திருக்கும். ஆகாவிட்டால் பூட்டு, மறுபேச்சு இல்லை.

அம்மா வீடு வீடாக ஏறி இறங்கினாள். லிஃப்டைத் தொடவில்லை.

"மெஷின்ல ரெண்டு தடவ பிழிய விடுங்க, அப்புறம் மாடிக்கு வாங்க. தண்ணியப் பிழிஞ்சு எடுத்தா கொஞ்சம் கரண்ட்டு. சூடு காட்டி எடுத்தா ஏகப்பட்ட கரண்ட்டு."

டிரையர் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தும் பார்த்தாள். கூடையோடு வந்தவர்கள் அசடு வழியத் திரும்பினார்கள்.

மாதம் முடிந்த காலை. பழைய எண்ணைக் கழித்தேன். 14.

"பதினாலே யூனிட்மா. ஜெயிச்சாச்சு."

அம்மா நம்பவில்லை. "மழ பேஞ்ச நாலு நாளும் எல்லாரும் இங்கதான் நின்னாங்க. ஒரு தடவ ஓடினாலே நாலு யூனிட் தின்னுற மெஷின் இது. படிச்ச படிப்பக் கொஞ்சம் வெளிய எடு."

மீட்டரின் தூசியைக் கட்டைவிரலால் துடைத்தாள். கீழே ஒரு தகடு: × 20. பெரிய இணைப்புகளில் மீட்டர் இருபதில் ஒரு பங்கைத்தான் காட்டும், பெருக்கிக்கொள்ள வேண்டும். நான் மின் பொறியாளர். கவனிக்கவில்லை.

280.

"எவ்வளவுக்குள்ள இருக்கணும்?" என்றாள்.

"நானூத்தி அம்பது."

"அப்பவும் ஜெயிச்சாச்சே. ஏன் எஞ்சினியரம்மா, உன்ன நம்பிப் பாலமெல்லாம் கட்டுறாங்களா?"

"நான் பாலம் கட்டறதில்லம்மா."

"நல்லவேள."

620 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு முக்கால் கிலோ கரியமில வாயு என்று வைத்தால் 465 கிலோ. சொன்னேன்.

"எங்க சலவைக்கூடத்துல ஒரு லோடு பதினஞ்சு கிலோ. முப்பத்தோரு லோடு" என்றாள், யோசிக்காமல். அடுத்த நொடி படியில் இருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கு இல்லை. பசைடப்பா பாதி முகத்தில் சவர நுரையோடு வந்து பூட்டைக் கழற்றினார்.

நான்காம் நாள், புதன்கிழமை, அம்மாவின் இதயம் நின்றது.

அதற்குள் மாடியில் கொடி போதவில்லை. ஐந்தாம் தளத்து நர்ஸ், போர்வை காயப்போட இடமில்லை என்றிருக்கிறாள். அம்மா கிழக்குச் சுவரை அளந்து ஒரு சீட்டில் எழுதினாள்: கொக்கி எட்டு, நைலான் கயிறு நாற்பது மீட்டர். இரும்புக்கடைக்கு வியாழக்கிழமை போவதாகச் சொல்லியிருந்தாள். சீட்டு அவள் துணிப்பையில் இருக்கிறது.