கண்ணீர் விழுந்தால் அந்தச் சட்டை தேறாது

எங்கள் வாசகர் வட்டத்தில் இனிமேல் பேசுகிறவர்கள் பேச்சை முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. என்னால்தான் வந்தது. செயலாளர் என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அறிவிக்கும்போது என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே அறிவித்தார். அஞ்சாவது படித்தவள் எங்கே எழுதப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

நான் பயந்தவள். அதைச் சொல்ல வெட்கமில்லை. ரேஷன் கடை வரிசையில் எவளாவது நடுவில் புகுந்தால்கூட நகர்ந்து இடம் விடுவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் பிசிர் வெட்டினேன். தைத்து முடித்த சட்டையில் அங்கங்கே நூல் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். சட்டைக்கு வலிக்காமல் வெட்ட வேண்டும். முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் போனபோது வேலையை விட்டேன். பிறகுதான் கிளை நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். கதவோரம் காலண்டருக்குக் கீழே இருக்கிற நாற்காலி என்னுடையது. பேப்பர் படிப்பேன். உதடு அசையும். அசையாமல் படிக்க எனக்கு வராது.

வாசகர் வட்டத்தில் சேர்ந்தது போட்டோவால். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடக்கும். எடுக்கிற போட்டோவில் எல்லாம் ஆம்பிளைகளாகவே இருக்கிறார்கள் என்று மேலிடத்தில் கேட்டார்களாம். நூலகர் அம்மா என்னையும், எதிர் மேஜையில் வார இதழ் புரட்டிக்கொண்டிருந்த என் தோழியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். தோழி எங்கள் பக்கத்துத் தெருவில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். புர்காவைச் சரிசெய்துகொண்டு முதல் வரிசையிலேயே போய் உட்கார்ந்தாள். நான் கடைசி வரிசை. எட்டு மாதம் கேட்டுக்கொண்டிருந்தோம். டீ வந்தால் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து எல்லோருக்கும் கொடுப்போம். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒன்பதாவது மாதம் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் காட்டுப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார், பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கதை முழுக்கத் துணிக் கம்பெனியில் பிசிர் வெட்டுகிற ஒருத்தியைப் பற்றியது. செயலாளர் என் நாற்காலிக்கே வந்துவிட்டார்.

“அம்மா, நீங்க அந்த வேலையில இருந்தவங்க. அறிமுகக் கூட்டத்துல நீங்க அஞ்சு நிமிஷம் பேசினா சாருக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்.”

“எனக்குப் பேச வராது சார்.”

“பேச வேணாம்மா. படிச்சா போதும்.”

புத்தகத்தையும் கொடுத்தார், கூடவே டைப் செய்த ஒரு தாளையும் கொடுத்தார். அதுதான் என் பேச்சு. புத்தகத்தை முழுக்கப் படிக்க வேண்டும் என்றுகூட இல்லை, இந்தத் தாளைப் பார்த்து அப்படியே படித்தால் போதும் என்றார். முதல் வரியில் நான் ஒரு பாமரப் பெண் என்று இருந்தது. இரண்டாவது வரியில் இந்தப் புத்தகம் என்னை அழவைத்தது என்று இருந்தது. நான் இன்னும் அட்டையையே திருப்பவில்லை. அதற்குள் அழுதுவிட்டிருந்தேன்.

பதினேழு நாள் படித்தேன். வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை என்பதால் அன்றைக்கெல்லாம் வீட்டு வாசற்படியில் வைத்துப் படித்தேன். அந்தக் கதையில் வருகிறவள் மூலையில் உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறாள். வெட்டும்போது அழுகிறாள். கண்ணீர் வெள்ளைச் சட்டையில் விழுகிறது. அந்தச் சட்டை கப்பல் ஏறி வெளிநாடு போகிறது, போட்டுக்கொள்கிறவனுக்கு அது தெரிவதில்லை. இந்த இடத்தைத்தான் வட்டத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லி உருகினார்கள். தோழியின் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் மெஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னாக்கா, தனியா சிரிச்சிகினு கீறே?”

“இவ சட்டை மேல அழுவுறாடி.”

“துணி மேலயா? சூப்ரவைசர் சும்மா உட்டானா?”

“சூப்ரவைசர் உடமாட்டான். எழுதனவரு உட்டுட்டாரு.”

“அப்ப போய் சொல்லு.”

“நானா?”

“பின்ன நானா? நான் மெஷின் மிதிக்கிறவ. பிசிரு வெட்னது நீ.”

“அவங்களே எழுதிக் குட்த்து கீறாங்கடி.”

“குட்த்தா இன்னா? அத்த மடிச்சி பஜ்ஜில எண்ணெய் ஒத்து.”

சிரித்து முடித்த பிறகு கோபம் வந்தது. முன்னூறு பக்கத்தில் அவள் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் அவளைத் திட்டுகிறார்கள், எல்லாரும் அவளுக்காகப் பாவப்படுகிறார்கள். அவள் மட்டும் எதுவும் சொல்வதில்லை. என்னைப் போல் வாய் இல்லாதவள் என்று யாராவது சொல்லலாம். நான் வாய் இல்லாதவள் இல்லை. கூச்சம் உள்ளவள். இரண்டும் வேறு.

அறிமுகக் கூட்டத்தன்று பேனர், மாலை, பொன்னாடை எல்லாம் இருந்தன. என்னைக் கூப்பிட்டார்கள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தாளைப் பிரித்தேன், முதல் வரியைப் பார்த்தேன், மறுபடியும் மடித்துவிட்டேன்.

“வணக்கம். புத்தகத்தை முழுக்கப் படிச்சேன். அச்சு நல்லா கீது.”

யாரோ சிரித்தார்கள். நிறுத்தினால் திரும்பத் தொடங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நிறுத்தவில்லை.

“பிசிர் வெட்றவ ஒக்காந்து வெட்டமாட்டா சார். நின்னுகினுதான் வெட்டணும். வெள்ளைச் சட்டைல கண்ணீர் வுழுந்தா கறை. கறை பட்டா அந்தச் சட்டை தேறாது. கப்பல் ஏறாது. வெட்னவ கிட்டயே திரும்பி வரும், திட்டும் வரும். அதனால நாங்க அங்க அழமாட்டோம்.”

எழுத்தாளர் நல்லபடியாகத்தான் சிரித்தார். “அம்மா, அது ஒரு குறியீடு. அப்படியே எடுத்துக்கக் கூடாது.”

“அது இன்னான்னு எனக்குத் தெரியாது சார். ஆனா அவளுக்கு வாயே இல்ல. எங்களுக்கு இருந்துச்சி.”

“நேரமாச்சும்மா,” என்றார் செயலாளர்.

“அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்க. ரெண்டுதான் ஆச்சி,” என்று முதல் வரிசையிலிருந்து என் தோழி சொன்னாள்.

ஆனால் அதற்குள் நான் நிறுத்திவிட்டிருந்தேன். சொல்ல வந்ததில் முக்கியமானதைச் சொல்லாமலே வந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்கடுத்த கூட்டத்தில்தான் விதி வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் கரையான்சாவடியில் ஒரு கடையில் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். “பேரனுக்கா?” என்று கடைக்காரர் கேட்டார். “எனக்கு,” என்றேன்.

எழுதினது இதுதான். எங்கள் கம்பெனியில் பெண்கள் கக்கூசுக்குப் பூட்டு போட்டார்கள். அடிக்கடி போகிறோமாம், வெட்டுகிற சட்டை எண்ணிக்கை குறைகிறதாம். சாவி சூப்பர்வைசர் பையில் இருக்கும். நாலு பேர் நடுவில் அவனிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டும். கேட்கிற பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான். கூச்சத்தில் நான் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். ஒரு நாள் புதிதாக வந்த ஒரு பெண் கேட்டபோது, “இப்பத்தானே போன?” என்றான். அந்தப் பெண் அங்கேயே நின்றாள். மேஜையில் ஒருத்தி கத்தரியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் இருந்தவள் வைத்தாள். முதலில் வைத்தது நான் இல்லை. மூன்றாவதோ நாலாவதோ நான். வைத்ததைத் திரும்ப எடுக்கவில்லை. ஹால் முழுக்கக் கத்தரிச் சத்தம் நின்றுபோனது. பத்தொன்பது வருஷத்தில் வேலை நேரத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. மேனேஜர் ஓடி வந்து, “இன்னாம்மா ஆச்சி, இன்னா வேணும்?” என்று கேட்டார். “சாவி,” என்றோம். நானும் சொன்னேன். என் குரல் எனக்குக் கேட்டது.

எழுதி முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. முதல் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தேன். ‘அந்தப் புத்தகத்தில் இருப்பவளுக்கு வாயே இல்லை. எனக்கும் வாய் இல்லை என்று நினைத்துத்தான் பாமரப் பெண் என்று எழுதிக் கொடுத்தீர்கள்.’

நோட்டைக் கொடுத்தபோது செயலாளர் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீங்களே எழுதினதாம்மா?”

“என் கையெழுத்துதான் சார். வேற யாருக்கும் இவ்ளோ கோணலா வராது.”

நின்றபடியே படித்தார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து முதல் பக்கத்து இரண்டு வரியையும் கோடு போட்டு அடித்தார்.

“மத்தது இருக்கட்டும். இது ரெண்டு மட்டும் வேணாம்மா. சார் மனசு கஷ்டப்படும்.”

“எழுதித் தரணும்னுதானே சார் விதி? தந்துட்டேன். அடிச்சிக் குட்த்தா ஒத்துக்கணும்னு விதியில இல்லியே.”

என் வாயிலிருந்துதான் வந்தது. வந்த பிறகு எனக்கே திக்கென்றது. நூலகர் அம்மா திரும்பி வந்த புத்தகங்களைப் பதிந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், “ஆமா சார், விதி அவ்வளவுதான் இருக்கு,” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுத்தாளரும் வந்திருந்தார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. நோட்டைப் பிரித்தேன். கண்ணாடியை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். பரவாயில்லை, சிவப்பு மை போட்டதால் அந்த இரண்டு வரியும் எங்கே இருக்கின்றன என்று நன்றாகத் தெரிந்தது. அவை எனக்கு மனப்பாடம், அவற்றில்தான் ஆரம்பித்தேன். செயலாளர் நாற்காலியில் நெளிந்தார். மீதியைத் தோழியின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து, ஒரு எழுத்து விடாமல் படித்தேன். அரை மணி நேரம் ஆனது. யாரும் நேரம் சொல்லவில்லை.

டீ வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. தோழியும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் டீ அப்படியே இருந்தது. பிறகு யார் யாரோ எழுந்து எடுத்துக்கொண்டார்கள்.

எழுத்தாளர் தன் கப்போடு என் நாற்காலிப் பக்கம் வந்தார். நான் சொன்னது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. “அந்தச் சாவி என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார்.

“கதவுலயே தொங்கிச்சி சார்,” என்றேன். “நான் வேலைய உட்ற வரைக்கும் அங்கதான் தொங்கிச்சி.”