பதினாலாம் நம்பர் வீட்டை வாங்க ஆளில்லை

என் வீட்டுக்காரர் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. கடல் மட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் நாள் தவறாமல் குறித்து வைப்பது அவர் வேலை. சாயங்காலம் வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல், நான் காய் நறுக்கும் மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து கதை எழுதுவார். கப்பல் சரக்கை மனிதர் இல்லாமல் இயந்திரமே இறக்கும் என்று எழுதினார். கூலிக்காரர்கள் வீடு தேடி வந்து திட்டினார்கள். பத்தே வருடத்தில் அது நடந்தது. அப்போதும் வந்து அவரையேதான் திட்டினார்கள்.

கடைசிப் புத்தகத்தில் கடலை ஊருக்குள் விட்டார். அதற்காக என் தையல் டேப்பை எடுத்துப் போய், தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசற்படியையும் அளந்து வந்தார். கதையில் வீட்டு நம்பரைக்கூட மாற்றவில்லை.

"ஊர்ல வேற தெருவே இல்லையா உங்களுக்கு?" என்றேன்.

"அளக்காத தெருவை எப்படிடி எழுதறது?"

எழுதி முடித்தார், புத்தகம் வந்தது, போய்ச் சேர்ந்துவிட்டார். நான்கு வருடமாக வீட்டை விற்கப் பார்க்கிறேன். விற்றால்தான் மகள் வீட்டில் எனக்கென்று ஓர் அறை கட்ட முடியும். இப்போது போனால் கூடத்தில், பேரனின் சைக்கிளுக்குப் பக்கத்தில்தான் படுக்கை.

எதிர்வீட்டுக்காரியும் விற்கத்தான் பார்க்கிறாள். "உன் புருஷன் எங்க வீட்டை ஜன்னல் வரைக்கும் முக்கிட்டுப் போயிட்டாரு."

"எங்க வீட்டை மட்டும் தூக்கி மேல வச்சாரா? விடுடி."

போன மாதம் வீடு பார்க்க ஒருவர் அந்தப் புத்தகத்தோடு வந்தார். பக்கத்தைப் புரட்டி, "எந்த ஜன்னல்மா இது?" என்று கேட்டார்.

"கதைங்க அது."

"சரக்கு இறக்குற இயந்திரமும் முதல்ல கதைதானேம்மா." புத்தகத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

போன வாரம் புரோக்கர் போன் செய்தார். "ஒரு வெளியூர்க்காரரைக் கூட்டிட்டு வரேன்மா. பேப்பர்கூடப் படிக்காத மனுஷன்."

வாசலைக் கழுவிக் காத்திருந்தேன். அன்றைக்கென்று கடல் ஏற்றம். சாக்கடை எதிர்த்துக்கொண்டு வந்து தெருவெல்லாம் கணுக்கால் தண்ணீர். வந்தவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பேன்ட்டைச் சுருட்டிவிட்டு நின்றார். சமையலறை பிடித்திருக்கிறது என்றார். குழாயைத் திறந்து பார்த்தார். பிறகு வாசலைக் காட்டினார்.

"இது எப்பவும் இப்படித்தானா?"

புரோக்கர் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"மூணு மாசமா வருதுங்க."

அவர் தலையாட்டினார். காலைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தேன். வேண்டாம், மறுபடியும் தண்ணீரில்தானே இறங்கணும் என்றார்.