இரவல் கயிறு

செய்தி வந்தபோது மணி பகல் இரண்டே கால். வடக்கு நார்வே மலைகளில் பிப்ரவரி மாதத்துச் சூரியன் அதற்குள் குன்றுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. இஸ்ஸாத் முழங்கால் அளவுப் பனியில், தன் அக்காள் புருஷன் கிளெமெத்தின் ஸ்கூட்டருக்கு முன்னால் நின்றிருந்தான். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகளும் அடியில் ரப்பர் பட்டையுமாகப் பனியில் ஓடும் அந்த வண்டியை ஊரில் எல்லோரும் ஸ்கூட்டர் என்றுதான் சொல்வார்கள். ஆளில்லாமல் ஓடிவந்து, புதருக்குள் மூக்கைச் சொருகி, பெட்ரோல் தீரும்வரை உறுமி, பிறகு அணைந்து போயிருந்தது. இருக்கைக்குப் பின்னால் இருந்த பெட்டியில் காபிக் குடுவை, மான்தோல் விரிப்பு, கைபேசி எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

அப்போதுதான் அவனுடைய கைபேசி அடித்தது. ஹேய்க்கா. ஒரே கலைமான் மேய்ச்சல் கூட்டத்தைச் சேர்ந்தவன். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து எல்லோரோடும் சேர்ந்து தேடிக்கொண்டிருந்தவன்.

"கெடச்சிட்டாருடா."

"எங்க?"

"வண்டிக்கு மேல நாலு கிலோமீட்டர் இருக்கும். பாறை ஓரமா உக்காந்திருக்காரு."

"உக்காந்திருக்காரா?"

"உக்காந்தபடியேதான், இஸ்ஸாத். கால் முறிஞ்சிருக்கு. விழுந்த இடத்துலேர்ந்து அது வரைக்கும் தவழ்ந்தே வந்திருக்காரு. அக்காகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்" என்றான் இஸ்ஸாத். முந்தைய இரவு பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநான்கு டிகிரி.

கைபேசியை வைத்தவன் கண் வண்டியின் முகப்புக்குப் போனது. என்ஜினை நிறுத்தும் பொத்தானின் கீழ் இரண்டு வயர்கள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு, மேலே கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தது. டேப்பின் முனை நேராக வெட்டப்பட்டிருந்தது. அவசரத்தில் செய்த வேலையிலும் கிளெமெத் கத்தரிக்கோல் எடுத்துத்தான் வெட்டியிருக்கிறார்.

பக்கத்தில் இஸ்ஸாத்தின் சொந்த ஸ்கூட்டர் என்ஜின் அணைக்காமல் நின்றது. அதன் கைப்பிடியில் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று தொங்கியது. கயிற்றின் ஒரு முனையில் பொத்தான்மேல் பொருந்தும் மூடி. மறுமுனையில் படகிலிருந்து கழற்றிய பழைய பித்தளைக் கொக்கி. அந்தக் கொக்கியை இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவன் விழுந்தால் கயிறு இழுத்து மூடி கழன்றுவிடும். அந்த நொடியே என்ஜின் நின்றுவிடும். மூடி இல்லாவிட்டால் வண்டி கிளம்பவே கிளம்பாது. வயர்களை வெட்டி இப்படி முறுக்கினால்தான் கிளம்பும், பிறகு ஆள் விழுந்தாலும் நிற்காது.

அது கிளெமெத்தின் கயிறு.

மேட்டுக்கு மேலே வேறு வண்டிகளின் சத்தம் கேட்டது. இஸ்ஸாத் மூடியைப் பிடுங்கினான். என்ஜின் நின்றது. கயிற்றைச் சுருட்டி உள்பைக்குள் திணித்துக்கொண்டான். அதைச் செய்யும்போது அவன் எதையும் யோசிக்கவில்லை. யோசிக்காமலே கை அத்தனை வேகமாக வேலை செய்தது என்பதுதான் பிறகு அவனைக் குத்தியது.

ஹேய்க்காவும் போலீஸ்காரரும் வந்தார்கள். போலீஸ்காரர் கையுறையைக் கழற்றிவிட்டு வேகம் கூட்டும் விசையை அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடத்திலேயே நின்றது, திரும்பி வரவில்லை.

"தூள்பனி உள்ள போய் உறைஞ்சிருக்கு. விழுந்த பிறகும் வண்டி அதே வேகத்துல போயிருக்கு" என்றவர், குனிந்து டேப்பைப் பார்த்தார். "ஓ. கயிறு இல்லாமலா ஓட்டினார்?"

ஹேய்க்கா எட்டிப் பார்த்தான். "இவரா? கிளெமெத் அண்ணனா?" என்றான். பிறகு மெதுவாக, "நமக்கெல்லாம் பாடம் நடத்தின மனுஷன்" என்றான்.

இஸ்ஸாத் கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடினான். "நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வரேன்" என்றான். அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கயிற்றை வெளியே எடுத்து வண்டியைக் கிளப்பினான்.

கிளெமெத் மேய்ச்சல் குடும்பத்துக்காரர் இல்லை. கடற்கரையில் காட் மீன் பிடிக்கும் வீட்டில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் தம்பியோடு கடலுக்குப் போனபோது தம்பி படகிலிருந்து தவறி விழுந்தான். படகிலும் அதேமாதிரி ஒரு கயிறு உண்டு. தம்பி அதை மாட்டியிருக்கவில்லை. வலை இழுத்துக்கொண்டிருந்த கிளெமெத் எட்டிச் சுக்கானைப் பிடிப்பதற்குள், சுக்கானில் ஆளில்லாத படகு தண்ணீரில் வட்டம் போட்டுத் தம்பிமேலேயே ஏறியது. அதற்குப் பிறகு கிளெமெத் கடலுக்குப் போகவில்லை. மலைமேல் சாலைப்பனி அள்ளும் வண்டிகளில் மெக்கானிக்காக வேலைக்கு வந்தார். இஸ்ஸாத்தின் அக்காள், கலைமான் மேய்க்கும் ராவ்னாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். கொக்கி அந்தப் படகினுடையது.

மானைக் கயிறு வீசிப் பிடிக்க அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனால் வண்டி என்றால் ஊரே அவர் வாசலுக்குத்தான் வரும். காலையில் கிளம்பும்முன் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் போட்டு, உறைந்த பட்டையை உதறுவார். என்ஜின் மேல்மூடியைத் திறந்து, பட்டையைச் சுழற்றும் பெல்ட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி விரிசல் பார்ப்பார். வேக விசையை மூன்று தடவை அழுத்தி, மூன்று தடவையும் அது சொடுக்கென்று திரும்புகிறதா என்று பார்த்த பிறகே சாவியைத் திருப்புவார். மாற்றுப் பெல்ட்டைக் கோட்டுக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டுதான் போவார். குளிரில் விறைத்த பெல்ட் மாட்டும்போதே உடைந்துவிடும் என்பார்.

"பெல்ட்டுக்குப் பால் குடுக்கிறீங்களா அண்ணே?" என்று ஹேய்க்கா கேட்பான்.

"உன் பெல்ட் அறுந்து நீ நடந்து வர்றப்போ, இந்தப் பிள்ளைதான் உன்னைத் தூக்கிட்டு வரும்" என்பார் கிளெமெத்.

கயிறு விஷயத்தில்தான் கேலி அதிகம். மேய்ச்சல்காரர்கள் யாரும் அதை இடுப்பில் மாட்டமாட்டார்கள். ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து மான் கழுத்துக்குக் கயிறு வீச வேண்டும். மறுபடி தாவி ஏற வேண்டும். ஒவ்வொரு தடவையும் என்ஜின் நின்றால் மான் அடுத்த குன்றுக்குப் போய்விடும். அதனால் மூடியைப் பொத்தானில் மாட்டி, கயிற்றைக் கைப்பிடியிலேயே சுற்றி விட்டுவிடுவார்கள். அங்கே எல்லா வண்டியும் அப்படித்தான். கிளெமெத் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொக்கியைக் கழற்றி இறங்கி, மாட்டி ஏறுவார். 'கட்டிப்போட்ட கன்னு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தவன் இஸ்ஸாத்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்கூட்டர் உரிமத்துக்கான வகுப்பைப் பதினோரு வருஷமாக அவர்தான் எடுத்தார். தம்பியின் கதையைச் சொல்லமாட்டார். கயிற்றைத் தூக்கிக் காட்டி, "இது வண்டியோட பாகம் இல்ல, உங்களோட பாகம்" என்று மட்டும் சொல்வார்.

அவர் காணாமல் போன வாரம், திங்கட்கிழமை, மான்களைப் பட்டியில் அடைத்துப் பிரிக்கும் வேலை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். இஸ்ஸாத்தும் கிளெமெத்தும் மட்டும் கடைசி மான்களைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய மான் ஒன்று இஸ்ஸாத்தின் வண்டியை உரசிப் போனது. கைப்பிடியில் சுற்றியிருந்த கயிறு கொம்பில் சிக்கியது. மூடியோடு பிய்த்துக்கொண்டு மான் காட்டுக்குள் ஓடிவிட்டது.

கிளெமெத் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னைவிட அது மேல்டா. கயிற்றை மாட்டிக்கிட்டுத்தான் ஓடுது."

இஸ்ஸாத் கத்தியை எடுத்து வயரை வெட்டப் போனான். கிளெமெத் கையைப் பிடித்தார்.

"வெட்டாதே. நீ வெட்டினா அப்படியே விட்டுடுவே. என்னுதை எடுத்துக்கோ. என் வண்டி வீட்டுல நிக்குது, ரெண்டு நாளைக்கு வேலை இல்ல."

அன்று அவர் ஹேய்க்காவின் வண்டியில் வந்திருந்தார். ஆனாலும் கயிறு இடுப்பில்தான் இருந்தது. கழற்றிக் கொடுத்தார். இஸ்ஸாத் மூடியை மாட்டி, கயிற்றைப் பழக்கத்தில் கைப்பிடியில் சுற்றினான். பின்னால் ஏறி உட்கார்ந்தவர், "இடுப்புல மாட்டுடா" என்றார்.

"இதோ வீடு வந்துடும் அத்தான். புதன்கிழமை டவுன்ல புதுசு வாங்கிட்டு, உங்களுதைக் கொண்டுவந்து தரேன்."

புதன்கிழமை டவுனுக்குப் போனான். கடை வாசலைத் தாண்டியே போனான். ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கிளெமெத் போன் செய்தார். மான்கள் பக்கத்துக் கூட்டத்தின் எல்லைக்கு நகர்ந்துகொண்டிருந்தன, திருப்ப வேண்டும். "கயிறு இருக்காடா?" என்றார். இஸ்ஸாத் சோபாவில் கால் நீட்டித் தொலைக்காட்சியில் சறுக்குப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் வீடு பத்து நிமிஷ தூரம்.

"மத்தியானம் கொண்டுவரேன் அத்தான்."

"மத்தியானம்னா எல்லாம் கலந்துடும்." கருவிப் பெட்டியைத் துழாவும் சத்தம் கேட்டது. "சரி, பாரு. நான் ஏதாவது பண்ணிக்கிறேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இஸ்ஸாத் பந்தயம் முடியும்வரை பார்த்தான்.

அடக்கத்துக்கு முந்தின நாள் ராவ்னாவின் வீடு நிறைந்திருந்தது. வாசலில் பூட்ஸ்கள் குவிந்து கிடந்தன. காபியும் வேகவைத்த மான்கறியும் போய்க்கொண்டே இருந்தன. எல்லோரும் முதலில் கிளெமெத்தின் கைவேலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பேச்சு மெல்லத் தேய்ந்து அந்த டேப்புக்கு வந்து நின்றது.

"அந்த வேலையை இவர்தான் செஞ்சாரான்னு எனக்கு இன்னும் நம்பிக்கை வரலை" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நேரா வெட்டின டேப்பு. வேற யாரு?" என்றான் ஹேய்க்கா. "நான் தப்பா சொல்லலை. நாங்களும் அப்படித்தான். ஆனா என் மவன் கேக்கறான், 'சார் எங்களுக்கு ஒண்ணு சொல்லிட்டுத் தனியா போறப்போ வேற மாதிரியா'ன்னு. என்ன பதில் சொல்ல?"

ராவ்னா காபிக் கெட்டிலைப் பிடித்தபடி நின்றாள். நான்கு நாட்களாக அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை.

"இருபத்தாறு வருஷம்" என்றாள். "காலையில இந்த ஜன்னல்லேர்ந்து பாப்பேன். கொக்கியை மாட்டிட்டு என்னைப் பாத்துக் கையைக் காட்டுவாரு. அது எனக்காகத்தானா? வளைவு தாண்டினதும் கழட்டிடுவாரா? ஒரு மனுஷனைப் பத்தி இப்படி நினைக்க வேண்டியிருக்கு, அவரு படுத்துக் கிடக்கறப்போ."

அவள் முகம் சிவந்திருந்தது. செத்தவருக்காக அவள் வெட்கப்படுகிறாள் என்று இஸ்ஸாத்துக்குப் புரிந்தது. தன்மேல் விழ வேண்டியதைத்தான் அவள் சுமந்துகொண்டு நிற்கிறாள்.

உள்பையில் கை விட்டான். கயிறு வரமறுத்தது, கொக்கி துணியில் மாட்டியிருந்தது. எல்லோரும் பார்க்க, தையல் கிழிய இழுத்தான். மேசைமேல் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தான்.

ராவ்னா கொக்கியைப் பார்த்தாள். கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"என் வண்டியில. திங்கக்கிழமையிலேர்ந்து. இரவல் வாங்கினேன்." "புதன்கிழமை தரேன்னேன், தரலை. வெள்ளிக்கிழமை காலையில போன் பண்ணிக் கேட்டாரு. மத்தியானம் கொண்டுவரேன்னேன். எனக்கு வேலை ஒண்ணும் இல்லக்கா. டிவி பாத்துட்டிருந்தேன். அவரு ஒருநாளும் கழட்டினது இல்ல. அவர்கிட்ட இல்லாததாலதான்..."

"நீ இதை மாட்டிக்கிட்டு ஓட்டினியா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. மாட்டினேன் என்று சொன்னால் அவருடைய இரவலுக்கு ஓர் அர்த்தமாவது இருக்கும்.

"இல்லக்கா. கைப்பிடியில சுத்தித் தொங்கவிட்டிருந்தேன்."

சுவரோரம் யாரோ மூச்சை இழுத்துவிட்டார்கள். ஹேய்க்கா தன் கோப்பைக்குள் பார்த்தான்.

"புதர்ல நீதானே வண்டிகிட்ட நின்னே?" என்றான் கடைசியாக. "அப்பவே உன்கிட்ட இருந்துச்சா?"

"பையில ஒளிச்சேன்."

"நான் அவரைப் பத்தி அப்படிச் சொன்னப்போ, கேட்டுக்கிட்டு நின்னியா?"

"நின்னேன்."

ஹேய்க்கா எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டான். "என் மவன்கிட்டப் போய்ச் சொல்லணும்" என்று ராவ்னாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வழக்கமாகத் தோளைத் தட்டிப் போகிறவர்கள் இஸ்ஸாத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ராவ்னா கயிற்றை எடுத்து நேராக்கினாள். சுருள் மறுபடி சுருண்டது. அவள் முகத்திலிருந்த சிவப்பு போய்விட்டது. அப்போதுதான் அழுதாள். இஸ்ஸாத் கிட்டே போக ஓரடி எடுத்தான்.

"வேண்டாம்" என்றாள். "அங்கயே நில்லு."

நின்றான். வெகுநேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்தாள்.

"உன்னை நான் என்ன பண்றதுன்னு தெரியலை. இப்ப கேக்காதே. அடக்கம் முடிஞ்சதும் மானுங்களைப் பாக்க நான்தான் போகணும். அவரு வெள்ளிக்கிழமை காலையில என் வண்டியோட பட்டையை இறுக்கிட்டிருந்தாரு, மானுங்க எல்லைக்கு நகருதுன்னு போன் வந்ததும் எழுந்து போயிட்டாரு. முடிச்சாரா இல்லையான்னு போய்ப் பாத்துட்டு வா."

இஸ்ஸாத் கொட்டகைக்குப் போய் விளக்கைப் போட்டான். ராவ்னாவின் வண்டி பின்பக்கம் தூக்கி ஸ்டாண்டில் நின்றது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பட்டையை நடுவில் பிடித்து இழுத்துப் பார்த்தான். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். இடப்பக்கம் கிளெமெத் இறுக்கி, நட்டும் பூட்டியிருந்தார். வலப்பக்க நட்டு விரலாலேயே சுழன்றது.