இரண்டு கையெழுத்துப் போட்ட கேலி

ஞானராஜ் சார் இறந்துவிட்டதாகப் பேத்தியின் போனில் ஓர் அட்டை வந்தது. நான் நம்பவில்லை. அடக்கம் வியாழக்கிழமை என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த தேதியோ வெள்ளிக்கிழமைக்கு உரியது. நாள்காட்டியை எடுத்துப் பார்த்தேன். கிழமை தப்பென்றால் சாவுச் செய்தியும் தப்பாக இருக்கலாம் அல்லவா? அவர் மகள் எஸ்தருக்கே போன் போட்டேன்.

"அப்பா நிஜமாவே போயிட்டார் ஆன்ட்டி. வெள்ளிக்கிழமைதான் சரி" என்று அழுதாள்.

காலமெல்லாம் ஊரார் அட்டையில் பிழை பார்த்த மனிதர். அவர் அட்டையைப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று.

மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் வேலை பார்த்த அச்சகம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஈய எழுத்துகளைக் கோத்து நீளத் தட்டில் வரிவரியாக அடுக்குவார்கள். அந்தத் தட்டுக்குக் கேலி என்று பெயர். அதில் மை தடவி எடுக்கும் முதல் தாள் கேலி புரூஃப். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்ததை நான் உரக்கப் படிப்பேன். சார் புரூஃபைப் பார்த்துக்கொண்டே வரிக்கு ஒரு "ம்" சொல்வார். நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரைதான். ஆனால் என் வாயிலிருந்து ஒரு கால், ஒரு புள்ளிகூடத் தவறி விழுந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

முதல் வாரமே அவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொரு புரூஃபின் அடியிலும் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "சரோஜாம்மா, நீங்களும் போடுங்க" என்பார். வேறெந்த அச்சகத்திலும் படிக்கிறவளிடம் கையெழுத்து வாங்க மாட்டார்கள். மாலையில் அந்தத் தாள்களை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொள்வார். என்மேல் கேஸ் கட்டுகிறார் என்றே நினைத்தேன். அவர் மனைவியின் தங்கை பத்தாவது படித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பதாகவும் காதில் விழுந்திருந்தது. எனக்கோ அந்த வேலை போகக் கூடாது. என் மகள் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். நான் நின்ற இடத்திலேயே அவளும் நின்றுவிடக் கூடாது.

அவர் எது சொன்னாலும் நான் நம்பாத காலம் அது. ஒருநாள் டீ குடிக்கும்போது, தட்டுக்கு ஏன் இந்தப் பேர் என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரன் ஊர்ல வரிசையா உக்காந்து துடுப்புப் போடுற நீளக் கப்பலுக்குக் கேலின்னு பேரு. அப்புறம் கப்பல் சமையல்கட்டுக்கும் அதே பேர் வந்துச்சு. இந்தத் தட்டும் அதே மாதிரி நீளமா, ஒடுக்கமா இருக்குறதால வெச்சாங்கன்னு சொல்றாங்க. எனக்கே அதுல முழு நம்பிக்கை இல்ல."

அஞ்சாவதுதானே என்று அளக்கிறார் என நினைத்துக்கொண்டேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவிலேயே கப்பலில் சமையல் வேலை பார்க்கும் ஒருவர் இருந்தார். இரண்டு மாதம் கழித்து அவர் விடுமுறையில் வந்ததும் நேரே போய்க் கேட்டேன். "ஆமாக்கா, எங்க கிச்சன் கேலிதான்" என்றார்.

மறுநாள் சாரிடம், "நீங்க சொன்னது சரிதான்" என்றேன்.

"விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "இப்பதான் நீங்க இந்த வேலைக்கு வந்திருக்கீங்க. நம்பிப் படிச்சா கண்ணு தானாவே திருத்திக்கும்மா. சந்தேகப்பட்டுப் படிங்க" என்றார்.

பிறகு மாடம்பாக்கத்துக் குடும்பம் ஒன்றின் பதினாறாம் நாள் அட்டை வந்தது. இறந்தவர் தம்பி. அட்டை அச்சாகிப் போன மறுநாள் காலை, அண்ணன்காரர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அச்சகத்துக்குள் வந்தார்.

"நான் செத்துட்டனாமே. எப்போன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அண்ணன் பெயரும் தம்பி பெயரும் இடம் மாறியிருந்தன. முதலாளி என் பக்கம் திரும்பினார். "அஞ்சாங்கிளாஸைக் கொண்டாந்து உக்கார வெச்சா இப்டித்தான் ஆவும். நாளையிலேர்ந்து வர வேணாம்மா."

சார் டிபன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். கேலி புரூஃப். இரண்டு பெயரும் சரியான இடத்தில் இருந்தன. அடியில் இரண்டு கையெழுத்து.

"எங்க கையை விட்டுப் போறப்ப சரியாதான் இருந்துச்சு சார். அப்புறம் தட்டை மெஷினுக்குத் தூக்கிட்டுப் போனது யாருன்னு கேளுங்க."

தூக்கிப் போனவர் முதலாளியின் மச்சான். எழுத்தைச் சுற்றி நூல் கட்டாமல் தூக்கியதில் இரண்டு வரி சரிந்திருக்கிறது. கைக்கு வந்தபடி செருகிவிட்டார். என் வேலை தப்பியது. என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போனாள். இன்று அவள் கணக்கு டீச்சர்.

அன்று மாலை சாரிடம் கேட்டேன்: "எனக்காகத்தான் கையெழுத்து வாங்கி வெச்சீங்களா?"

"சத்தியமா இல்ல. வந்த புதுசுல நான் உங்கள நம்பல. நீங்களும் என்ன நம்பல. பேப்பரையாவது ரெண்டு பேரும் நம்பலாமேன்னுதான்."

பொய்யாக ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால்தான் அதற்குப் பிறகு அவரை நம்பினேன்.

அடக்கத்துக்குப் பிறகு சாரின் நினைவாகச் சர்ச்சில் வைத்த நன்றி ஆராதனைக்கான அட்டையை, அச்சுக்குப் போகும் முன்பு எஸ்தர் எனக்கு அனுப்பினாள். போனில் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை. பேத்தியிடம் சொல்லித் தாளில் எடுத்து உரக்கப் படித்தேன். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு "ம்"முக்காக நின்றேன். வராது என்று தெரிந்தும் நின்றேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சந்தேகம்தான். அதை வைத்துக்கொண்டே மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

பிழை இல்லை. அடியில் என் கையெழுத்தைப் போட்டு, அதற்கு மேலே இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டு எஸ்தருக்குக் கொடுத்தனுப்பினேன். போனிலும் சொன்னேன்: "என்னை நம்பிப் போட்றாதம்மா. நீயும் ஒருதரம் படிச்சிட்டுப் போடு."