ராமேஸ்வரத்துக்கு ஓர் ஒத்திகை

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த என் மகன் செல்போனை நீட்டி அந்தமான் படங்களைக் காட்டினான். கோடை விடுமுறையில் அவன், அவன் மனைவி, பேத்தி, பேரன், நான், என் வீட்டுக்காரர் என்று ஆறு பேரும் விமானத்தில் போகிறோமாம். நீலத் தண்ணீர், வெள்ளை மணல். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. முதல் நாள் அவனும் மருமகளும் கடலுக்கு அடியில் இறங்கி மீன் பார்க்கிறார்கள். மறுநாள் படகில் வேறொரு தீவுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிறார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே ஏதோ ஒன்று.

"அந்த நேரத்துல நாங்க இன்னா பண்ணுவோம்?" என்று கேட்டேன்.

"நீங்க ரூம்ல ஏசிய போட்டுக்கினு ஜாலியா இருங்கம்மா. பசங்க உங்ககூட இருப்பாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்களை ஊர் பார்க்கக் கூட்டிப் போகவில்லை, பிள்ளை பார்க்கக் கூட்டிப் போகிறான். பிள்ளை பார்ப்பது எனக்கு ஒரு பாரமா? கல்வராயன் மலையில் பால்வாடி டீச்சராகத் தலை நரைக்கும் வரை இருந்தவள் நான். இந்த மலையில் எத்தனை பேருக்கு மூக்குச் சிந்தி விட்டிருக்கிறேன் என்று கணக்கே கிடையாது. ஆனால் அத்தனை தூரம் பறந்து போய், ஒரு ரூமில் அடைந்துகொண்டு, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்க வேண்டும் என்று எனக்கென்ன தலையெழுத்து?

"நீயும் உம் பொண்டாட்டியும் அந்தமான் போய்ட்டு வாங்க. பசங்கள நாங்க எங்க தீவுக்குக் கூட்டிக்கினு போறோம்" என்றேன்.

"உங்க தீவா? அது எங்க கீது?"

"ராமேஸ்வரம். சுத்தித் தண்ணி இருந்தா அது தீவுதான?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அது திதி குடுக்கற எடம்மா. அங்க யாராவது பசங்கள வெளையாடக் கூட்டிக்கினு போவாங்களா? மொதல்ல ரெண்டு பேரும் இவங்கள கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டத் தாண்டிக் கூட்டிக்கினு போய்ட்டு முழுசா திரும்பி வாங்க. அப்பறம் ராமேஸ்வரம் பத்திப் பேசலாம்."

அவன் விளையாட்டாகச் சொன்னான். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சரி, அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும்போதும் ராமேஸ்வரம்தான், சாமை புடைக்கும்போதும் ராமேஸ்வரம்தான். மகன் போட்ட திட்டத்தில் நாள் முழுக்க ஓட்டம்தான். என் திட்டத்தில் ஒரு நாளைக்கு ஒரே இடம். காலையில் வெயில் ஏறுவதற்குள் கடல். பிறகு சாப்பாடு, மத்தியானம் நால்வருக்கும் தூக்கம், சாயங்காலம் மறுபடியும் கடல். கோயில் ஒரு நாள், தனுஷ்கோடி ஒரு நாள். கோயிலுக்கு எதிரே இருக்கும் கடலில் அலை பெரிதாக அடிக்காது, குளம் மாதிரிதான் கிடக்கும் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். பிள்ளைகளை இறக்கிவிட அதைவிட நல்ல கடல் எங்கே இருக்கிறது? தங்கும் அறை தரைத்தளத்தில் வேண்டும், என் முழங்காலுக்காக. பேரனுக்கு மலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி வரும். அதற்கு எலுமிச்சம்பழமும் பாலித்தீன் பையும்.

ஊரில் விஷயம் பரவியதும் ஆளாளுக்கு விசாரிக்க ஆரம்பித்தார்கள். "யாருக்குத் திதி?" என்று மளிகைக் கடைக்காரர் கேட்டார். "உங்க மாமனாருக்கா?"

"யாருக்கும் இல்ல. உசுரோட இருக்கற நாலு பேர் குளிக்கப் போறோம்" என்றேன்.

அவர் சாமான்களைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார்.

முழு ஆண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் மலைக்கு வந்தார்கள். பேத்திக்கு ஒன்பது வயது, பேரனுக்கு ஐந்து. மகன் சொன்ன சவாலுக்கு ஒரு நாள் குறித்தேன். மலையிலிருந்து கள்ளக்குறிச்சி, அங்கே பஸ் மாறி நைனார்பாளையத்தில் இருக்கும் என் தங்கை வீடு, சாப்பிட்டுவிட்டு அதே வழியில் திரும்பல். அவ்வளவுதான். வடக்கனந்தல் தாண்டும் வரை பேரன் ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை. பார்த்தாயா என்று என் வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

மலையில் நாங்கள் எப்போதும் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடப்போம். ஒற்றையடிப் பாதையில் கைகோத்துக்கொண்டு போக ஏது இடம்? தலையில் சுமையும் இருக்கும். முன்னால் போகிறவர் பாம்பு, முள் பார்த்துப் போவார். பிள்ளைகள் நடுவில். பெரியவர் ஒருவர் கடைசியில். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வப்போது முன்னால் போகிறவர் 'ஓய்' என்று ஒரு குரல் கொடுத்தால், பின்னால் வருகிறவர்கள் 'ஓய்' என்பார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எங்கள் கால்கள் தானாக அப்படியே வரிசை கட்டின. நான் முன்னால், அடுத்து பேத்தி, அடுத்து பேரன், கடைசியில் தலையில் பையோடு அவர். நானும் 'ஓய்' என்றேன். ஹாரன் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை. அப்போதாவது திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறி இடம் பிடித்துவிட்டுத்தான் திரும்பினேன். பேத்தி மட்டும் நின்றாள்.

பேரனும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நிறுத்துங்கள் என்று கத்திப் பேத்தியை இழுத்துக்கொண்டு குதித்தேன். வந்த வழியிலேயே திரும்பி ஓடினேன். மலையில் வரிசை அறுந்தால் முன்னால் போனவர்தான் திரும்பி வர வேண்டும். எத்தனை சாமியைக் கூப்பிட்டேனோ தெரியாது. அவன் அப்பனுக்கு என்ன பதில் சொல்வேன் என்பதுகூட அப்போது தோன்றவில்லை, பிள்ளை வேண்டும், அவ்வளவுதான்.

பழக்கடைக்குப் பக்கத்துத் தூணருகே ஒரு சின்னக் கூட்டம். நடுவில் பேரன், தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க 'ஓய், ஓய்' என்று கூவிக்கொண்டிருந்தான். ஒரு அம்மா பிஸ்கட்டை நீட்டி, வா கண்ணு, போலீஸ்கிட்ட போகலாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நான் நவுரமாட்டேன். ஆயா வரும்" என்றான் அவன்.

வழி தப்பினால் நின்ற இடத்திலேயே நின்று கூவு என்று மலையில் நடக்கத் தொடங்கும் பிள்ளைக்கெல்லாம் சொல்லி வைப்போம். சென்னையில் வளரும் இவன் அதை மனதில் வைத்திருப்பான் என்று நான் நினைக்கவில்லை. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதேன். வெட்கம் என்ன வெட்கம்.

என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் கழித்து வந்தார். ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் அவரையும் பேரனையும் வரிசையிலிருந்து ஆளுக்கொரு பக்கம் பிய்த்துவிட்டதாம். பேரன் போட்டிருந்ததும் நீலச் சட்டை என்பதால், முன்னால் தெரிந்த ஒரு நீலச் சட்டையின் பின்னாலேயே போயிருக்கிறார். சின்னசேலம் பஸ் படிக்கட்டில் கால் வைத்த பிறகுதான் அது வேறு யாருடைய பிள்ளையோ என்று தெரிந்திருக்கிறது. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"வேணாம். பையன் சொன்னதே சரி. நமக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்றார்.

"எது ஒத்து வராது? ஆளுக்கு ஒரு கையப் புடிங்க, போலாம்" என்றேன்.

நைனார்பாளையம் போனோம். தங்கை வீட்டில் கோழிக் குழம்பு சாப்பிட்டோம். ஆளுக்கு ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தோம்.

அன்று சாயங்காலம் மகன் போன் செய்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பேத்தி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். போனை நான் வாங்கியதும் அவன் பொரிந்து தள்ளினான்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல? ஒரு பஸ் ஸ்டாண்டே தாண்ட முடியல, உங்களுக்கு ராமேஸ்வரமா? கடல்கிட்ட இப்பிடி ஆயிருந்தா? நாளைக்கே வந்து கூட்டிக்கினு போறேன்."

அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்காக வாயை மூடிக்கொள்ள என்னால் முடியவில்லை.

"வா. வந்து கூட்டிக்கினு போ. தப்பு நடந்துச்சு, இல்லன்னு சொல்லல. மலையில நடக்கற மாதிரி பஸ் ஸ்டாண்டுல நடந்துட்டோம். இனிமே நடக்கமாட்டோம். ஆனா ஒண்ணு கேளு. உன்ன இடுப்புல தூக்கிக்கினு ஆத்த தாண்டனவ நானு. அப்ப நான் பத்திரமா இருந்தேன், இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சா? உம் பசங்கள ரூமுக்குள்ள வெச்சிப் பாத்துக்க நான் வேணும், வெளிய கூட்டிக்கினு போவ மட்டும் நான் ஆவமாட்டனா?"

நான் விடுவதாக இல்லை. அதற்குள் பேரன் என் மடியில் ஏறி போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"அப்பா, நான் தொலையல. தாத்தாதான் தொலைஞ்சிட்டாரு. நான் அங்கயேதான் இருந்தேன். ஆயா வந்துச்சு."

வாசலில் உட்கார்ந்திருந்த அவர் தலையைக் குனிந்துகொண்டார். போனில் மருமகள் பக்கத்திலிருந்து ஏதோ சொல்வது மட்டும் கேட்டது.

"அம்மா" என்றான் மகன், குரல் இறங்கிப்போய். "ராமேஸ்வரம் ட்ரெயின எங்க ஏறப் போறீங்க, விருத்தாசலத்துலயா, விழுப்புரத்துலயா?"

"விருத்தாசலம்" என்றேன்.