சிவப்புச் சீட்டு

தேர்வாய் கண்டிகையில் எங்கள் தொழிற்சாலைக் காவலாளி, மரத்தாலான பழைய மடக்கு ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை நீட்டியபடி மெதுவாக ஆடிக்கொண்டிருப்பார். வேலைக்குச் சேர்ந்த வேகத்தில், வேண்டாத பொருள்களுக்கெல்லாம் சிவப்புச் சீட்டு ஒட்டிய நான், அதற்கும் ஒட்டினேன். சீட்டு விழுந்தால் பழைய சாமான் லாரிதான்.

மறுநாள் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"நாற்காலி எங்கண்ணே?"

"நான்தான் மடிச்சு லாரில ஏத்துனேன். ஊட்லேர்ந்து எட்டாந்தது சார். ஆடிக்கினு இருந்தா முட்டி வலி தெரியாது."

"கம்பெனியோடதுன்னு நினைச்சேன். சொல்லியிருக்கலாமே!"

"சீட்டு ஒட்டிட்டா யாரும் பேசக்கூடாதுன்னு மீட்டிங்ல நீதான சார் சொன்ன? கைகூட தட்டுனமே."

அது கிண்டலா என்று இன்றும் புரியவில்லை. மாலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக்கொண்டு போனேன்.

"நீ உக்காரு சார், நாளெல்லாம் சுத்திக்கினே கீற" என்றார், நின்றபடியே.